குப்பியின் வழி: வடநெம்மேலியிலிருந்து எம்பிலிப்பிட்டிய வரை

கைக்குள் அடங்கிவிடும் கண்ணாடிக் குப்பி அது. ரப்பர் அடைப்பு, அதன்மேல் அலுமினிய மூடி, அடியில் வெள்ளையாக இறுகிக் கிடக்கும் தூள். 10 மில்லிலீற்றர் சுத்த நீரைச் செலுத்தி மெதுவாகச் சுழற்றினால் கரையும். குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். மேலே ஒட்டிய தாளில் நான்கு பாம்புகளின் பெயர் இருக்கும். கரைத்த மருந்தில் ஒரு மில்லிலீற்றர், நல்லபாம்பின் விஷத்தில் 0.6 மில்லிகிராமையும், கட்டுவிரியனின் விஷத்தில் 0.45 மில்லிகிராமையும், கண்ணாடி விரியனின் விஷத்தில் 0.6 மில்லிகிராமையும், சுருட்டை விரியனின் விஷத்தில் 0.45 மில்லிகிராமையும் முறிக்கும் என்று கணக்கும் அதிலேயே எழுதியிருக்கும்.

பாம்பு கடித்து எம்பிலிப்பிட்டிய மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வருகிறவருக்கு இந்தக் குப்பிதான் ஏறுகிறது. ஒன்று போதாது. கண்ணாடி விரியன் கடித்தவருக்கு முதல் தடவையிலேயே 10 குப்பி, 20 குப்பி என்று உடைத்துக் கரைத்துச் சேலைனில் கலப்பார்கள். நோயாளி காசு கொடுப்பதில்லை, அரசாங்க மருந்து. ஆனால் இலங்கை மண்ணில் அது உருவாகவில்லை. கடல் தாண்டி வந்து, மலையேறி இறங்கி, வார்ட்டு மேசைக்கு வந்து சேர்கிறது. அது வந்த வழியையும், எந்த இடத்தில் ஆராய்ச்சி அதற்குக் கைகொடுத்தது, எந்த இடத்தில் அது நம்மைக் கைவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். சப்ரகமுவத் தோட்டங்களில் இருக்கிறவர்களுக்கு இது பொழுதுபோக்குச் செய்தி அல்ல.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது வடநெம்மேலி. அங்கே முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. இருளர் தலைமுறை தலைமுறையாகப் பாம்பின் தடம் பார்த்தவர்கள். ஒரு காலத்தில் தோலுக்காகப் பிடித்தார்கள். தோல் வியாபாரிகள் கொழுத்தார்கள், பிடித்தவர்களுக்குச் சில்லறைதான் கிடைத்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னால் வந்த ஏற்றுமதித் தடையும் அந்தச் சில்லறையையும் நிறுத்தின. பாம்பை உயிரோடு பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடலாமே என்ற யோசனை சங்கமாக உருவெடுத்தது 1978இல். சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் அதற்குத் துணை நின்றார்.

வேலி ஓரத்துப் புல் சாய்ந்திருக்கும் விதம், வளை வாயில் மண் வழவழப்பாகியிருக்கும் விதம், உதிர்ந்து கிடக்கும் சட்டை, எச்சம் எல்லாம் இருளருக்கு எழுத்து. கடப்பாரையால் வளையைத் தோண்டி, வாலைப் பிடித்துத் தூக்கித் துணிப்பையில் போடுவார்கள். சங்கத்தில் ஒவ்வொரு பாம்புக்கும் ஒரு மண்பானை. பானையின் வாயைப் பருத்தித் துணியால் மூடிக் கயிறு கட்டியிருக்கும். மூன்று வாரம் அங்கே இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை கணக்கில் நான்கு தடவை விஷம் எடுப்பார்கள். கழுத்துக்குப் பின்னால் பிடித்து, மெல்லிய தோல் இழுத்துக் கட்டிய கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பில் பல்லைப் பதிய விட்டால், உட்புறச் சுவரில் மஞ்சள் துளி வழியும். சில துளிகள்தான். கட்டுவிரியனிடம் அதுவும் குறைவு. பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்து விட்டுவிடுவார்கள், அதே பாம்பு மறுபடி உடனே பிடிபடாமலிருக்க. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறை நிர்ணயிக்கிறது. இந்திய ஆலைகள் வாங்கும் விஷத்தின் பெரும்பகுதி இந்தப் பானைகளிலிருந்து போகிறது. 2023இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது நான் மனதார மகிழ்ந்தேன். நம் வார்டுகளில் பிழைத்தவர்களின் நன்றியில் ஒரு பங்கு அவர்களுக்குச் சேரவேண்டியது.

விஷத்தைக் கொண்டே விஷத்தை முறிக்கும் வித்தை 1890களில் பிரெஞ்சுக்காரர்களின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. சாய்கோனில் வேலை செய்த அல்பேர்ட் கால்மெட், வெள்ளத்தில் ஊருக்குள் புகுந்த நாகங்கள் ஆட்களைக் கடித்த செய்தி கேட்டு அந்த ஆய்வில் இறங்கினார். பாரிஸில் பிசாலிக்ஸ், பெர்ட்ராண்ட் இருவரும் அதே நேரத்தில் அதே முடிவுக்கு வந்தார்கள். கால்மெட்டின் மருந்து நாகத்தின் விஷத்துக்கு எதிரானது. எல்லாப் பாம்புக்கும் அதுவே போதும் என்று அவர் நம்பினார். அவுஸ்திரேலியாவில் சார்ள்ஸ் மார்ட்டின் சோதித்துப் பார்த்து, இங்குள்ள பாம்புகளுக்கு இது உதவாது என்றார். பிரேசிலில் வைத்தியர் வித்தால் பிரசில் தம் ஊர்ப் பாம்புகளை வைத்துச் செய்த சோதனையிலும் அதே முடிவு. ஒரு பாம்பின் விஷத்துக்குச் செய்த மருந்து இன்னொரு பாம்பின் விஷத்தை முறிக்கும் என்று எண்ணக்கூடாது. இந்த உண்மை வெளிப்பட்டு நூற்றாண்டுக்கு மேலாகிறது. பின்னால் கஹவத்தைத் தோட்டங்களுக்குப் போகும்போது இதை மறுபடி எடுக்கவேண்டி வரும்.

வடநெம்மேலியில் உலர்த்திய விஷம் ஐதராபாத், மும்பைப் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. அங்கே குதிரைகள். மிகச் சிறிய அளவில் தொடங்கி, மாதக்கணக்கில் அளவைக் கூட்டிக்கொண்டே விஷத்தைக் குதிரையின் உடம்பில் ஏற்றுகிறார்கள். குதிரை எதிர்ப்புப் புரதங்களை உற்பத்தி செய்கிறது. இரத்தத்தை எடுத்து, சிவப்பணுக்களைத் திரும்பக் குதிரைக்கே ஏற்றிவிட்டு, தெளிந்த திரவத்திலிருந்து அந்தப் புரதத்தைப் பிரித்து, நொதியால் வெட்டிச் சுத்தப்படுத்தி, உறைய வைத்து உலர்த்தினால் வெள்ளைத் தூள். உலர்த்துவதில்தான் நமக்கு நன்மை. திரவமாக இருந்தால் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். தூளை அறைச் சூட்டில் வைத்திருக்கலாம், மின்சாரம் போனாலும் கெடாது.

கொழும்பில் இறங்கும் பெட்டிகளை மருத்துவ வழங்கல் பிரிவு பொறுப்பேற்கிறது. அங்கிருந்து மாவட்டக் களஞ்சியம், பிறகு வைத்தியசாலை. அவிசாவளை தாண்டி இரத்தினபுரி வரைக்கும் மழை நாடு. பெல்மடுல்லையில் வலப்பக்கம் திரும்பி ஏ-18 வீதியில் இறங்கினால் கஹவத்தை, மாதம்பை, கொடகவெல, பல்லேபெத்த. தேயிலையும் இறப்பரும் மெல்ல விலகி, வெயில் கூடி, வாழைத்தோட்டமும் வயலுமாக விரியும். உடவளவை நீர்த்தேக்கம் கட்டியபின் செழித்த வளவைப் படுகை அது. அதன் நடுவில் எம்பிலிப்பிட்டிய.

ஒரே மாவட்டம். அரை நாள் பயணத்துக்குள் ஈரமும் வறட்சியும் மாறிவிடுகின்றன, பாம்பும் மாறிவிடுகிறது.

வறண்ட பக்கத்தில் விவசாயிக்கு எமன் கண்ணாடி விரியன். சிங்களத்தில் தித் பொலங்கா. அறுவடைக் காலத்தில் எலியைத் தேடி வயலுக்கு வரும். வரப்பில் காலடி பட்டால் கடிக்கும். இதன் விஷம் இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருட்களையெல்லாம் உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது. பல் ஈறில், சிறுநீரில் இரத்தம் வரும். சிறுநீரகம் பழுதாகும். இலங்கைக் கண்ணாடி விரியனுக்கு இன்னொரு குணமும் உண்டு: கடிபட்டவரின் கண் இமைகள் கனத்துச் சொருகும். குப்பியின் தாளில் இந்தப் பாம்பின் பெயர் இருக்கிறது. நேரத்துக்கு ஏறினால் மருந்து வேலை செய்யும்.

நேரம் என்பதுதான் சிக்கல். கடித்தது எது, விஷம் ஏறியிருக்கிறதா, எப்போது மருந்தைத் தொடங்குவது என்று வைத்தியர் முடிவெடுக்க வேண்டும். பாம்பு கடித்த எல்லோருக்கும் விஷம் ஏறுவதில்லை. தேவையில்லாதவருக்கு மருந்தை ஏற்றினால் அதுவே ஆபத்து. ஆகவே ஒரு சின்னச் சோதனை. நோயாளியின் நாளத்திலிருந்து 2 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்து கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீராக வழிந்தால் விஷம் வேலை செய்கிறது, குப்பியைத் திற.

எந்த ஆய்வுக்கூடமும் தேவையில்லாத சோதனை என்பதால் கிராமத்து வைத்தியசாலைகள் இதையே நம்பின. களனி, பேராதனை, ராஜரட்டைப் பல்கலைக்கழகங்களின் வைத்தியர்களும் அவுஸ்திரேலியாவின் ஜெஃப் இஸ்பிஸ்டர் போன்றவர்களும் சேர்ந்து உழைத்த காலத்தில், இந்தச் சோதனையையே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு குழு எண்ணியது. 2013இல் வெளிவந்த முடிவு அதிர்ச்சி தந்தது. அன்றாட வார்டு வழக்கத்தில் செய்த சோதனை, இரத்தம் உறையாத நோயாளிகளில் நூற்றுக்கு 40 பேரைத்தான் கண்டுபிடித்தது. தவறவிட்டவர்களுக்கு மருந்து தாமதமாகவே போனது. குழாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால், ஈரம் இருந்தால், பிளாஸ்டிக்கில் விட்டால், இடையில் ஆட்டிப் பார்த்தால், அவசரப்பட்டுப் பதினைந்தாம் நிமிடத்தில் சாய்த்தால் எல்லாம் பொய்க்கும். பிறகு அதே சோதனையைப் பழகிய கைகள், முறையான குழாயில், கடிகாரம் பார்த்துச் செய்தபோது கண்டுபிடிப்பு நூற்றுக்கு 82 ஆக உயர்ந்தது. அந்த முடிவு 2017இல் வந்தது. சோதனை அதேதான். செய்த முறை மாறியது.

நோயாளி நலனை மேம்படுத்தும் ஆராய்ச்சி என்றதும் பெரிய இயந்திரங்களையும் கோடிக்கணக்கான ரூபாயையும் நினைக்கிறோம். எனக்கு இந்தக் கண்ணாடிக் குழாய்தான் நினைவுக்கு வருகிறது.

மருந்தை ஏற்றத் தொடங்கியதும் அடுத்த பயம். குதிரையின் புரதம் மனித உடம்புக்கு அந்நியம். சொறி எடுக்கும், குளிர் நடுக்கம் வரும், மூச்சுக்குழல் இறுகும், இரத்த அழுத்தம் விழும். மருந்தே உயிரைக் குடிக்கப் பார்க்கும் நிலை. இலங்கையில் இந்த எதிர்வினை மிக அதிகம். களனிப் பல்கலைக்கழகத்தின் ஆசித டி சில்வா தலைமையில் 2005 முதல் 2008 வரை 1007 நோயாளிகளைக் கொண்டு ஒரு பெரிய பரிசோதனை நடந்தது, 2011இல் வெளிவந்தது. அதில் நூற்றுக்கு 75 பேருக்கு எதிர்வினை வந்தது. அப்படி வந்தவர்களிலும் நூற்றுக்கு 43 பேருக்குக் கடுமையாக வந்தது. பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள்.

வைத்தியர்கள் வழக்கமாக என்ன செய்துவந்தார்கள்? மருந்து ஏற்றுமுன் ஹைட்ரோகோட்டிசோன் ஊசி, புரோமெதசின் ஊசி. காலங்காலமாக அப்படித்தான். அந்த வழக்கத்துக்கு ஆதாரம் என்ன என்று இந்தக் குழு கேட்டது. மூன்று மருந்துகளை, தனித்தனியாகவும் சேர்த்தும், வெறும் போலி ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்தது. ஹைட்ரோகோட்டிசோனும் புரோமெதசினும் பயன் தரவில்லை. தோலுக்கடியில் மிகச் சிறிய அளவில் போட்ட அட்ரினலின் ஒன்றே உதவியது. முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான எதிர்வினைகளை அது 43 சதவீதம் குறைத்தது. அட்ரினலின் எந்தச் சிறிய வைத்தியசாலையிலும் இருக்கிற மருந்து, மலிவானது. மருந்தை 20 நிமிடத்தில் ஏற்றாமல் 2 மணி நேரம் எடுத்து மெதுவாக ஏற்றினால் எதிர்வினை குறையுமா என்றும் இன்னொரு பரிசோதனை பார்த்தது. குறையவில்லை. அதுவும் தெரியவேண்டிய செய்திதான். பலனில்லாத தாமதத்துக்கு இனி யாரும் காரணம் சொல்ல முடியாது.

இந்தப் பயத்தை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன வைத்தியசாலையில் குப்பி இருந்தாலும், எதிர்வினை வந்தால் சமாளிக்க முடியுமா என்ற தயக்கத்தில் நோயாளியைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவதுண்டு. அந்தப் பயண நேரம் முழுக்க விஷம் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சேலைன் கொக்கியில் குப்பி தொங்குவதற்கு முன் அட்ரினலின் ஊசி போட்டால் ஆபத்து குறையும் என்று உறுதியாகத் தெரிந்த வைத்தியருக்குக் கை நடுங்காது. ஆராய்ச்சி வார்ட்டுக்குள் கொண்டுவரும் துணிவு இதுதான்.

எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்பதே நீண்ட காலம் சரியாகத் தெரியாமலிருந்தது. வைத்தியசாலைப் பதிவில் வந்தவர்களைத்தான் எண்ணினார்கள். எம்பிலிப்பிட்டியவுக்குப் பக்கத்து மாவட்டமான மொனராகலையில், மரணப் பதிவுகளைத் தேடி 2006இல் வெளிவந்த ஆய்வு, வைத்தியசாலைக் கணக்கு பாம்புக்கடி மரணங்களைப் பாதிக்கும் மேல் விட்டுவிட்டது என்று காட்டியது. செத்தவர்களில் பலர் வைத்தியசாலையை மிதிக்கவே இல்லை. பிறகு நாடு முழுவதும் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பங்கு என்றாலும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள். 2016இல் வந்த கணக்குப்படி, இலங்கையில் ஓராண்டில் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, 30,000 பேருக்கு விஷம் ஏறுகிறது, 400 பேர் சாகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2017இல்தான். புறக்கணிக்கப்பட்டது நோய் மட்டுமல்ல என்று சேர்த்துச் சொல்வேன். வயலில் நிற்கிறவரும் மலையில் கொழுந்து எடுக்கிறவரும் இறப்பர் பால் வெட்டுகிறவரும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவார்கள்.

இனி ஏ-18 வீதியில் திரும்பி மேலே ஏறுவோம். கஹவத்தை, இறக்குவானை, பெல்மடுல்லைத் தோட்டங்கள். இங்கே கண்ணாடி விரியனைவிட அதிகமாகக் கடிப்பது வேறொரு சின்னப் பாம்பு. ஒரு முழ நீளம்கூட வராது. உதிர்ந்த இலையின் நிறம். மூக்கு நுனி மேல்நோக்கிக் கூம்பியிருக்கும். சிங்களத்தில் குனகட்டுவா, பொலொன் தெலிஸ்ஸா. தமிழில் கூம்புமூக்கு விரியன் என்று வைத்துக்கொள்வோம். இதில் மூன்று இனங்கள் உண்டு, இரண்டு இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. ஓடிப் போகாது. சருகுக்குள் சுருண்டு தலையை நிமிர்த்தியபடி கிடக்கும். தேயிலைச் செடியின் அடியில், இறப்பர் மரத்தடிச் சருகில், லயத்துக்குப் பின்னால் குவித்த விறகில், தண்ணீர்க் குழாயடிக் கல்லிடுக்கில். விடியுமுன் பால் வெட்டப் போகிறவரின் வெறுங்காலில், புல் வெட்டும் பெண்ணின் விரலில், மாலையில் வாசல் கூட்டுகிறவரின் கணுக்காலில் கடிக்கும்.

இந்தப் பாம்பை வெகு காலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடித்தால் வீங்கும், வலிக்கும், போய்விடும் என்பதே எண்ணம். 2008இல் அரியரத்தினமும் பேராதனையின் குலரத்னவும் ஒக்ஸ்போர்டின் டேவிட் வொறலும் சேர்ந்து எழுதிய ஆய்வு அந்த எண்ணத்தை உடைத்தது. 10 வைத்தியசாலைகளில் பாம்புக்கடியோடு வந்த 860 பேரில் 302 பேரைக் கடித்தது இந்த இனம் என்று உறுதியானது. மூன்றில் ஒன்றுக்கும் மேல். அவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு இரத்தம் உறையவில்லை. நூற்றுக்கு 10 பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். பயன் தரும் விஷமுறிவு மருந்து இல்லை என்பதை அந்தக் கட்டுரை தலைப்பிலேயே சொன்னது.

குப்பியின் தாளை இப்போது மறுபடி படித்துப் பாருங்கள். நான்கு பெயர்களில் சுருட்டை விரியன் ஒன்று. இலங்கையில் அது யாழ்ப்பாணம், மன்னார் போன்ற வறண்ட கரையோரங்களில் வாழும் பாம்பு, இரத்தினபுரித் தேயிலை மலையில் அல்ல. மலையில் கடிக்கும் பாம்பின் பெயரோ தாளில் இல்லை. இந்தியாவில் மிகுதியாக உயிர்க்கொல்லும் நான்கு பாம்புகளைக் கணக்கில் எடுத்துச் செய்த மருந்து அது. இந்தியாவுக்குள்ளேயே இடத்துக்கு இடம் விஷம் வேறுபடுகிறது என்றும், ஒரு பகுதியின் விஷத்தில் செய்த மருந்து மறு பகுதியில் சரியாக வேலை செய்வதில்லை என்றும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் போன்றோர் காட்டி வருகிறார்கள். கால்மெட்டின் காலத்தில் மார்ட்டின் சொன்னதுதான்.

ஆகவே குனகட்டுவா கடித்தவருக்கு இந்தியக் குப்பியை ஏற்றினால், பலன் இல்லாமல் எதிர்வினை மட்டும் மிஞ்சும். ஏற்றக்கூடாது என்பது வைத்தியர்கள் கற்றுக்கொண்ட பாடம். மருந்து கொடுப்பதற்கு ஆராய்ச்சி எவ்வளவு தேவையோ, கொடுக்காமல் நிறுத்துவதற்கும் அவ்வளவு தேவை. கடித்தது எது என்று அடையாளம் காண்பது இங்கே உயிர்ப் பிரச்சினை. சின்னக் கண்ணாடி விரியனையும் பெரிய குனகட்டுவாவையும் பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிடுவது எளிது. நோயாளி தமிழில் சொல்வதை வார்ட்டில் இருக்கிறவர் சிங்களத்தில் விளங்கிக்கொள்ள வேண்டிய இடத்தில் தவறு இன்னும் எளிது. தோட்டத்து வைத்தியசாலைச் சுவரில் இரு மொழியிலும் பாம்புப் படங்கள் தொங்கவேண்டும் என்று நான் கேட்பது அலங்காரத்துக்கு அல்ல.

சாகாமல் தப்பியவரின் கதையும் வார்ட்டோடு முடிவதில்லை. விரல் கருகிப் புண் ஆறாமல் வாரக்கணக்கில் கட்டுப் போடுவோர் இருக்கிறார்கள். வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பேர் என்று சம்பளம் எண்ணும் தோட்டத்தில், மலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் ஒரு பேர் இழப்பு. இந்த இழப்பு எந்த வைத்தியசாலைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. சிறுநீரகம் பழுதானவருக்கு இரத்தினபுரிக்குப் போய் வரும் பஸ் செலவே பெரிய சுமை.

இலங்கைப் பாம்புகளுக்கு இலங்கை மருந்து என்ற முயற்சி இல்லாமலில்லை. 1990களின் இறுதியில் நம் கண்ணாடி விரியனுக்கென்றே செம்மறியாட்டில் உருவாக்கிய மருந்து ஒன்றை இங்கே நோயாளிகளிடம் பரிசோதித்தார்கள். பொலங்கா என்ற பெயரை ஒட்டி அதற்குப் பெயரும் வைத்தார்கள். அது களஞ்சிய அலமாரிக்கு வந்து சேரவில்லை. பிறகு பேராதனைப் பல்கலைக்கழகமும் அனிமல் வெனம் ரிசர்ச் இன்ரர்நஷனல் என்ற அமைப்பும் கொஸ்தாரிக்காவின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனமும் கைகோர்த்தன. இங்கே பிடித்த பாம்புகளின் விஷத்தை எடுத்து, அங்கே குதிரைகளில் மருந்து செய்தார்கள். அதில் குனகட்டுவாவின் விஷமும் சேர்ந்தது. எலிகளில் செய்த சோதனையில் அந்த விஷத்தையும் முறித்தது என்ற முடிவு 2016இல் வெளிவந்தது. சுண்டெலியில் வென்ற மருந்து நோயாளிக்கு வர நீண்ட வழி இருக்கிறது. பரிசோதனை, அனுமதி, ஆலை, பணம். வருடத்துக்கு 400 ஏழைகள் சாகும் நோய்க்கு முதல் போட எந்தக் கம்பனியும் ஓடி வராது. அரசாங்கம்தான் செய்யவேண்டும். 2022இல் டொலர் இல்லாமல் மருந்துக்கு நாடு தவித்ததைப் பார்த்தபிறகும் இதைத் தள்ளிப்போடுவது சரியல்ல. வார்ட்டு அலமாரியில் இருப்பது இன்னும் அந்த நான்கு பெயர் எழுதிய குப்பிதான்.

இதைப் படிக்கிறவர்களில் தோட்டத்தில் இருப்பவர்களுக்கும், தோட்டத்தில் சொந்தம் உள்ளவர்களுக்கும் சில வார்த்தைகள். பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், பாம்புக்கல் வைக்கக் காத்திருக்காதீர்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். கடிவாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கை காலை அசைக்காமல் வைத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். அஸ்பிரின் கொடுக்காதீர்கள். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. தூரத்திலிருந்து போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் அதுவே பெரிய உதவி. இரவில் தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிறு வலிக்கிறது, கண் சொருகுகிறது என்றால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் கட்டுவிரியன் என்று சந்தேகப்படுங்கள். அதன் கடி வலிக்காது. வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி நாடெங்கும் விரிந்த இலவச அம்புலன்ஸ் சேவை அது.

குனகட்டுவாதானே, அதற்கு மருந்து இல்லையாமே என்று வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம். முறிக்கும் மருந்து இல்லை என்பதால் வைத்தியம் இல்லை என்று ஆகாது. இரத்தம் உறைகிறதா என்று மணிக்கணக்கில் பார்க்கவும், சிறுநீர் குறைவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கவும், தேவைப்பட்டால் இரத்தச் சுத்திகரிப்பு செய்யவும் வைத்தியசாலையால்தான் முடியும். கடித்த நேரத்தை மட்டும் கடிகாரத்தில் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வார்ட்டில் டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.